பிறர் பணமும் பெருகிய நிறுவனமும்

ஒரு கல்லூரி விடுதியில் 200 மாணவர்கள் இருக்கிறார்கள் என்றும், ஒவ்வொருவரிடமும் ஒரு சைக்கிள் உண்டு என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் சராசரியாக நான்கு சைக்கிள்கள் களவு போகின்றன. ஒரு சைக்கிளின் விலை 5,000 ரூபாய். பறிகொடுத்தவன் பாடு திண்டாட்டந்தான். ஆகவே மாணவர் அனைவரும் ஒன்றுகூடி, ஜூன் மாதத்தில் தலைக்கு 110 ரூபாய் செலுத்துவது என்றும், சைக்கிளை இழந்தவனுக்கு அத்தொகையிலிருந்து புதியது வாங்கித் தருவது என்றும் முடிவு செய்கிறார்கள். வசூலாகும் தொகை 22,000 ரூபாய். நான்கு சைக்கிள்களுக்கு 20,000, கணக்குப் புத்தகம், ரசீது முதலிய செலவுகளுக்கு 1,000, மிச்சம் 1,000. இன்ஷூரன்ஸ் என்று நாம் வழங்கும் காப்பீட்டுத் தொழிலின் சாரம் இவ்வளவே.

ஆனால் இச்சிறு கணக்கில் இரண்டு உண்மைகள் மறைந்து கிடக்கின்றன. முதலாவது, பணம் ஜூன் மாதத்தில் வந்து சேர்கிறது. களவோ செப்டம்பரில் ஒன்று, டிசம்பரில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று, மார்ச்சில் ஒன்று என்று நிகழ்கிறது. அதுவரை பணம் விடுதிச் செயலாளரின் பெட்டியில் தங்குகிறது. அது அவருடைய பணம் அன்று. எனினும் அவர் கையில் இருக்கிறது. அதை அவர் பாங்கியில் போட்டு வைத்தால் வட்டி வரும். இவ்வாண்டுப் பணம் செலவாகி முடிவதற்குள் அடுத்த ஆண்டுச் சந்தா வந்து சேர்ந்துவிடுமானால், பெட்டி ஒருநாளும் காலியாவதில்லை. உறுப்பினர் பெருகப் பெருக, பெட்டியில் தங்கும் தொகையும் பெருகும். இத்தொகையை அத்தொழிலில் ஈடுபட்டோர் 'ப்ளோட்' என்பர். நாம் இதனைத் தங்கு நிதி என்று அழைப்போம்.

இரண்டாவது உண்மை இன்னும் நுட்பமானது. செயலாளர் தலைக்கு 110 ரூபாய் கேட்பதற்குப் பதிலாக 80 ரூபாய்தான் கேட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் அவரைப் புகழ்வார்கள். 16,000 ரூபாய் வந்து பெட்டி நிறைந்திருக்கும். செலவு போக மூன்று சைக்கிள்களுக்குப் பணம் சரியாக இருக்கும். மார்ச் மாதத்தில் நான்காவது மாணவன் வந்து நிற்கும்போதுதான் பெட்டி வெறுமையாக இருப்பது தெரியவரும். மற்றத் தொழில்களில் பண்டத்தை ஆக்குவதற்கான செலவை முதலில் அறிந்து, பின்னர் விலையை நிர்ணயிக்கிறோம். காப்பீட்டிலோ விலையை முதலில் வாங்கிக்கொண்டு, செலவைப் பின்னர்தான் அறிகிறோம். ஆகவே தவறான விலை கேட்பவனும் சில காலம் வெற்றி பெற்றவனைப் போலவே காட்சி தருவான்.

இவ்விரண்டு உண்மைகளையும் மனத்தில் இருத்திக்கொண்டால், அமெரிக்காவிலுள்ள ஒரு நிறுவனம் காப்பீட்டுக் கம்பெனிகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி வளர்ந்த வரலாற்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ளலாம். அதன் பெயர் பெர்க்ஷயர் ஹாத்தவே.

அந்நிறுவனம் காப்பீட்டுக்காகப் பிறந்ததன்று. அது ஒரு நெசவாலைக் கம்பெனி. பழைய ஆலை நிறுவனங்கள் இரண்டு 1955ஆம் ஆண்டில் ஒன்றாக இணைந்ததால் அது தோன்றிற்று. மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூ பெட்போர்டு நகரம் அதன் தலைமையிடம். அக்காலத்தில் அப்பகுதியின் நெசவுத்தொழில் நலிந்துகொண்டிருந்தது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இந்நிலையில் ஒமாஹா நகரத்தைச் சேர்ந்த வாரன் பபெட் என்பவர் அதன் பங்குகளை 1962 முதல் வாங்கத் தொடங்கி, 1965ஆம் ஆண்டு மே மாதத்தில் நிர்வாகத்தைத் தம் கைக்குக் கொண்டுவந்தார். அப்பொழுது அவருக்கு வயது 34.

நெசவாலை எத்தகைய தொழில் என்பதைச் சிறிது எண்ணிப் பாருங்கள். பஞ்சுக்கும் நூலுக்கும் முதலில் பணம் கொடுக்க வேண்டும். கூலி வாரந்தோறும் தரவேண்டும். இயந்திரம் பழுதானால் புதியது வாங்க வேண்டும். இவ்வளவும் செய்து முடித்த பின்னரே துணியை வாங்கியவனிடமிருந்து பணம் வரும். காப்பீட்டுத் தொழிலில் இம்முறை தலைகீழாகிறது. பணம் முன்னே வருகிறது. செலவு பின்னே வருகிறது. இவ்வேற்றுமையே பபெட்டின் கருத்தைக் கவர்ந்தது.

ஒமாஹாவில் ஜாக் ரிங்வால்ட் என்பவர் 1940இல் 'நேஷனல் இண்டெம்னிட்டி' என்னும் காப்பீட்டுக் கம்பெனியைத் தொடங்கியிருந்தார். பிற கம்பெனிகள் ஏற்க மறுத்த வாடகைக் கார்களுக்குக் காப்பீடு அளிப்பதே அதன் தொடக்கத் தொழில். ஆபத்து எத்தகையதாயினும் அதற்கு ஏற்ற கட்டணம் ஒன்று உண்டு. அதைச் சரியாகக் கணித்துக் கேட்டால் போதும் என்பது ரிங்வால்ட்டின் கொள்கை. அவர் ஆண்டுக்கு ஒருமுறை, ஏதோ ஒரு சலிப்பினால், கால் மணி நேரம் மட்டும் கம்பெனியை விற்றுவிடலாம் என்னும் மனநிலையில் இருப்பாராம். அந்த நேரத்துக்குக் காத்திருந்த பபெட், 1967ஆம் ஆண்டில் அதனையும் அதன் துணைக் கம்பெனியையும் ஏறத்தாழ 86 லட்சம் டாலருக்குப் பெர்க்ஷயரின் பெயரில் வாங்கினார்.

இச்சிறு கொள்முதலே பின்வந்த வளர்ச்சிக்கெல்லாம் வித்தாக அமைந்தது. 1970ஆம் ஆண்டில் பெர்க்ஷயரின் தங்கு நிதி 3 கோடியே 90 லட்சம் டாலர். 1980இல் அது 23 கோடியே 70 லட்சமாயிற்று. 1990இல் சுமார் 163 கோடி. 2000இல் சுமார் 2,787 கோடி. 2010இல் சுமார் 6,583 கோடி. 2024ஆம் ஆண்டின் இறுதியில் சுமார் 17,100 கோடி டாலர். இத்தொகையில் ஒரு காசும் கம்பெனியின் சொந்தப் பணம் அன்று. நாளையோ, பத்து ஆண்டுகள் கழித்தோ, விபத்துக்குள்ளானவர்களுக்கும் வீடிழந்தவர்களுக்கும் கொடுக்க வேண்டிய பணம். ஆனால் கொடுக்கும் நாள் வரும்வரை அதனை முதலீடு செய்யலாம். அம்முதலீட்டின் ஆதாயம் கம்பெனியைச் சேரும். மிட்டாய்க் கம்பெனி முதல் இரயில்வே வரை பல தொழில்களைப் பெர்க்ஷயர் வாங்குவதற்கு இந்நிதி பெருந்துணையாக நின்றது. தாய்த்தொழிலாகிய நெசவோ 1985ஆம் ஆண்டில் அடியோடு நிறுத்தப்பட்டது. பெயர் மட்டும் எஞ்சியது.

பிறர் பணத்தைக் கையில் வைத்திருப்பதே செல்வத்துக்கு வழி என்றால், எல்லாக் காப்பீட்டுக் கம்பெனிகளும் அவ்வாறு செழித்திருக்க வேண்டுமன்றோ? அவ்வாறு நிகழவில்லை. காரணம், நாம் கண்ட இரண்டாவது உண்மை. விடுதிச் செயலாளர் 22,000 வசூலித்து 21,000 செலவிட்டால், தங்கு நிதி அவருக்கு வட்டியில்லாக் கடனைக் காட்டிலும் மேலானது. வைத்திருப்பதற்கே 1,000 ரூபாய் கிடைக்கிறது. அவரே 16,000 வசூலித்து 21,000 செலவிட நேர்ந்தால், அந்நிதி கந்துவட்டிக் கடனைவிடக் கொடியது. பணத்தின் அளவன்று, அது வந்த விலையே முக்கியம்.

இதனை விளக்க நேஷனல் இண்டெம்னிட்டியின் வரலாற்றிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. 1986ஆம் ஆண்டில் அக்கம்பெனி வசூலித்த பிரீமியம் 36 கோடி டாலருக்கும் மேல். அதன்பின் போட்டிக் கம்பெனிகள் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே சென்றன. இது தானும் குறைக்க மறுத்தது. ஆண்டுக்கு ஆண்டு வாடிக்கையாளர் நீங்கினர். 1999ஆம் ஆண்டில் பிரீமியம் 5 கோடியே 45 லட்சம் டாலருக்கு இறங்கிவிட்டது. பதின்மூன்று ஆண்டுகளில் ஆறில் ஐந்து பங்கு வியாபாரம் போயிற்று! இந்நிலையில் வேலை செய்வோர் அஞ்சுவது இயல்பு. வேலை போய்விடும் என்னும் அச்சத்தால், எந்த விலைக்காயினும் பாலிஸியை விற்றுவிட அவர்கள் முனைவர். ஆகவே, வியாபாரம் குறைந்தது என்பதற்காக எவரையும் வேலையிலிருந்து நீக்குவதில்லை என்று நிர்வாகம் உறுதி அளித்தது. சும்மா இருக்கும் ஊழியருக்குத் தரும் சம்பளத்தைக் காட்டிலும், தவறான விலைக்கு விற்ற பாலிஸி அதிக நஷ்டத்தைத் தரும் என்பது அவர்கள் கண்ட உண்மை. பின்னர்ச் சந்தை திருந்திற்று. 2004இல் பிரீமியம் 60 கோடி டாலரைத் தாண்டியது. காத்திருக்கத் தெரிந்ததே அக்கம்பெனியின் திறமை.

இனி 'கைக்கோ' என்னும் கம்பெனியின் கதையைக் காண்போம். லியோ குட்வின் என்பவர் 1936இல் தொடங்கிய மோட்டார் காப்பீட்டுக் கம்பெனி இது. ஏஜெண்டுகளை வைத்துக்கொள்ளாமல், அரசாங்க ஊழியர்களுக்கு நேராகவே பாலிஸி விற்றது. ஏஜெண்டுக்குத் தரும் கமிஷன் மிச்சமானதால் கட்டணத்தைக் குறைக்க முடிந்தது. அரசாங்க ஊழியர் நிதானமாகக் கார் ஓட்டுபவர் என்னும் எண்ணமும் பொய்க்கவில்லை. 1951ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, கொலம்பியாப் பல்கலைக்கழக மாணவராயிருந்த பபெட் இரயிலேறி வாஷிங்டனிலுள்ள அக்கம்பெனியின் அலுவலகத்துக்குச் சென்றார். கதவு பூட்டியிருந்தது. தட்டினார். காவலாளி உள்ளே அழைத்துச் சென்றார். லாரிமர் டேவிட்சன் என்னும் அதிகாரி அன்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார். முன்பின் அறியாத அம்மாணவனுக்கு அவர் நான்கு மணி நேரம் காப்பீட்டுத் தொழிலின் நுட்பங்களை எடுத்துரைத்தார். மாணவர்களே, கேட்பதற்கு அஞ்சாதவனுக்கும் சொல்வதற்குச் சலியாதவருக்கும் இடையே நிகழ்ந்த அந்த ஒருநாட் பாடம் எவ்வளவு பலன் தந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அத்தகைய கைக்கோவும் 1970களில் தடுமாறிற்று. விரைவாக வளரவேண்டும் என்னும் ஆசையால், எவருக்குக் காப்பீடு அளிப்பது என்பதில் பழைய கண்டிப்பைத் தளர்த்தியது. கொடுக்க வேண்டிய நஷ்ட ஈட்டையும் குறைவாகவே கணக்கிட்டு வந்தது. 1975ஆம் ஆண்டில் 12 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம் வெளிப்பட்டது. ஒருகாலத்தில் 61 டாலருக்கு விற்ற அதன் பங்கு, 1976இல் 2 டாலர் அளவுக்கு வீழ்ந்தது. அவ்வாண்டு தலைமை ஏற்ற ஜாக் பர்ன் கட்டணத்தை உயர்த்தினார். நஷ்டம் தரும் வியாபாரத்தை விட்டொழித்தார். நியூ ஜெர்சி மாநிலத்தில் தொழில் நடத்தும் உரிமத்தையே திருப்பிக் கொடுத்தார். கம்பெனி பிழைத்தது.

அந்த இக்கட்டான காலத்தில்தான் பெர்க்ஷயர் அதன் பங்குகளை வாங்கத் தொடங்கியது. ஏறத்தாழ 4 கோடியே 57 லட்சம் டாலர் முதலிட்டு, மூன்றில் ஒரு பங்குக்கு உரிமை பெற்றது. பின்னர் மேற்கொண்டு வாங்காமலே அவ்வுரிமை பாதியாக உயர்ந்தது. எவ்வாறெனில், கைக்கோ தன் பங்குகளைத் தானே பிறரிடமிருந்து வாங்கி நீக்கி வந்தது. நூறு பங்குகளில் 33 உங்களுடையது என்று கொள்வோம். மற்றவர்களிடமிருந்து 34 பங்குகளைக் கம்பெனியே வாங்கி நீக்கிவிட்டால், எஞ்சுவது 66. அதில் உங்கள் 33 சரிபாதியன்றோ? எஞ்சிய 49 சதவீதத்தையும் பெற்றுக்கொள்ள 1995இல் ஒப்பந்தம் செய்து, 1996 தொடக்கத்தில் முழு உரிமை அடைந்தது பெர்க்ஷயர். இதற்குக் கொடுத்த விலை 230 கோடி டாலர். முதற்பாதிக்கு ஐந்து கோடிக்கும் குறைவு; மறுபாதிக்கு 230 கோடி! வீழ்ந்து கிடந்தபோது வாங்கியதற்கும் ஓங்கி நின்றபோது வாங்கியதற்கும் உள்ள வேற்றுமை இது. எனினும் பின்னதும் வீணாகவில்லை. அமெரிக்க மோட்டார் காப்பீட்டில் 1995இல் 2.5 சதவீதமாயிருந்த கைக்கோவின் பங்கு, இருபது ஆண்டுகளில் 11 சதவீதத்தைக் கடந்தது.

அடுத்து நிகழ்ந்தது, பெருந்திறமையாளரும் சறுக்குவர் என்பதற்குச் சான்று. விடுதியின் சைக்கிள் கொட்டகை முழுவதும் ஒருநாள் தீப்பற்றி எரிந்தால் என்னவாகும்? 200 சைக்கிள்களின் விலை பத்து லட்சம் ரூபாய். செயலாளரின் 22,000 எம்மூலைக்கு? ஆகவே, அவர் தம் வசூலில் ஒரு பகுதியைப் பெரிய நிறுவனம் ஒன்றுக்குச் செலுத்தி, அத்தகைய பேரிழப்பை அது ஏற்குமாறு செய்துகொள்கிறார். காப்பீட்டாளருக்கே காப்பீடு அளிக்கும் இத்தொழிலுக்கு மறுகாப்பீடு என்று பெயர். இத்துறையில் புகழ்பெற்ற 'ஜெனரல் ரீ' கம்பெனியைப் பெர்க்ஷயர் 1998இல் வாங்கியது. விலை சுமார் 2,200 கோடி டாலர். ரொக்கமாகக் கொடாமல், தன் பங்குகளையே விலையாகக் கொடுத்தது. தங்கு நிதி ஒரே ஆண்டில் ஏறத்தாழ மும்மடங்காயிற்று.

பார்வைக்கு இது மாபெரும் வெற்றி. ஆனால் அக்கம்பெனி பல ஆண்டுகளாகவே குறைந்த விலைக்குப் பாலிஸி விற்று வந்தது என்பது பின்னரே புலப்பட்டது. ஒதுக்கி வைத்த நிதியும் போதவில்லை. 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் நியூ யார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டபோது, அத்தகைய தாக்குதலுக்கென்று தனிக் கட்டணம் எதுவும் வாங்காமலே அவ்வாபத்து ஏற்கப்பட்டிருந்ததும் தெரியவந்தது. அவ்வாண்டில் தங்கு நிதியை வைத்திருப்பதற்குப் பெர்க்ஷயருக்கு ஆன செலவு 12.8 சதவீதம். பாங்கியில் கடன் வாங்கியிருந்தால் இதைவிட மலிவாகக் கிடைத்திருக்கும்! பங்காளிகளுக்கு எழுதிய ஆண்டுக் கடிதங்களில் பபெட் தம் பிழையை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். நல்ல பங்குகளை விலையாகக் கொடுத்ததால் கம்பெனியின் பங்குகளின் எண்ணிக்கை 21.8 சதவீதம் உயர்ந்து, பழைய பங்காளிகளின் உரிமை குறுகிற்று என்பதும் அவர் கூறிய குறை. பின்னர் ஜெனரல் ரீயும் கண்டிப்பான முறைக்குத் திரும்பி நிலைபெற்றது. 2022ஆம் ஆண்டில் 'அலகேனி' என்னும் மற்றொரு காப்பீட்டு நிறுவனத்தைப் பெர்க்ஷயர் 1,160 கோடி டாலருக்கு வாங்கியபோது, விலை முழுவதும் ரொக்கமாகவே கொடுக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் நம் நாட்டவர் ஒருவருக்கும் சிறப்பிடம் உண்டு. ஒரிஸ்ஸாவில் பிறந்து, கரக்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற அஜித் ஜெயின் 1986இல் பெர்க்ஷயரில் சேர்ந்தார். அதற்குமுன் காப்பீட்டுத் தொழிலில் அவருக்குப் பழக்கமே இல்லை. ஆயினும் மறுகாப்பீட்டுத் துறை ஒன்றை அடியிலிருந்து கட்டி எழுப்பினார். பிறர் அஞ்சி ஒதுங்கிய பேரபாயங்களை ஏற்றார். விலை பொருந்தாதவற்றை மறுத்தார். 2018இல் காப்பீட்டுத் தொழில்கள் அனைத்துக்கும் பொறுப்பான துணைத் தலைவராக அமர்த்தப்பட்டார்.

இதே அமெரிக்காவில், இதே வழியில் சென்று வேறு முடிவைக் கண்ட நிறுவனமும் உண்டு. இந்தியானா மாநிலத்தில் 1979இல் தோன்றிய 'கான்சிகோ', பெரும்பாலும் கடன் வாங்கிய பணத்தைக் கொண்டு காப்பீட்டுக் கம்பெனிகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிக் குவித்தது. வளர்ச்சியைக் கண்டு உலகம் வியந்தது. 1998இல், தனக்குப் பழக்கமில்லாத கடன்கொடுக்கும் தொழிலில் ஈடுபட்டிருந்த 'கிரீன் ட்ரீ' என்னும் கம்பெனியை 600 கோடி டாலருக்கும் அதிகமான மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து வாங்கியது. அங்கே வாராக்கடன் பெருகியது. முன் வாங்கிய கடனுக்குத் தவணை வந்து நின்றது. 2002ஆம் ஆண்டு டிசம்பரில் கான்சிகோ திவால் மனு கொடுத்தது. அமெரிக்க வரலாற்றில் அதுகாறும் நிகழ்ந்தவற்றில் மூன்றாவது பெரிய திவால் அது. அதன் காப்பீட்டுக் கிளைகள் அவ்வழக்கில் சேர்க்கப்படாமையால், பாலிஸிதாரர் தப்பினர். பங்கு வாங்கியவர்கள் தம் முதலை இழந்தனர்.

இரண்டு நிறுவனங்களும் காப்பீட்டுக் கம்பெனிகளை வாங்கியே வளர்ந்தன. ஒன்று நிலைத்ததும் மற்றொன்று சரிந்ததும் ஏன்? பெர்க்ஷயர் வாங்கிய தங்கு நிதிக்குத் தவணை நாள் குறித்த கடன்காரன் இல்லை. கான்சிகோவின் கடனுக்கு இருந்தான். பெர்க்ஷயர், நஷ்ட ஈடு கேட்டு எத்துணைப் பேர் ஒரே நாளில் வந்தாலும் கொடுக்கத்தக்க ரொக்கத்தைக் கையில் வைத்திருந்தது. 2024 இறுதியில் ரொக்கமும் குறுங்கால அரசாங்கப் பத்திரங்களுமாக 30,000 கோடி டாலருக்கும் மேல் வைத்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வேண்டாத வியாபாரத்தை வேண்டாம் என்று சொல்லும் துணிவு அதற்குப் பெரும்பாலும் இருந்தது. அத்துணிவு தளர்ந்த இடங்களில் அதுவும் அடிபட்டது. அகலக் கால் வைத்தவனை அடுத்த அடியே காட்டிக் கொடுத்துவிடும்.

மீண்டும் நம் விடுதிக்கு வருவோம். மார்ச் மாதத்தில் சைக்கிளைப் பறிகொடுத்து நிற்கும் அந்த நான்காவது மாணவனை நினைத்துக்கொள்ளுங்கள். அவனும் மற்றவர்களைப் போலவே ஜூன் மாதத்தில் பணம் கொடுத்தவன். பெட்டியிலுள்ள பணத்தைச் செயலாளர் எவ்வளவு திறமையாகப் பெருக்கினார் என்பது அவனுக்குத் தேவையில்லை. தனக்கு உரியது கிடைக்குமா என்பது ஒன்றே அவன் கேள்வி. வாணிபக் கல்வி பயிலும் உங்களுள் சிலர் நாளை பாங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் பொறுப்பு ஏற்பீர்கள். அங்கே உங்கள் மேசைக்கு வரும் கணக்கேடுகளில் கோடிகளைக் காண்பீர்கள். அவற்றுள் அந்த நான்காவது மாணவனின் 110 ரூபாயும் அடங்கியிருக்கிறது. பெட்டி நிறைந்திருக்கும் ஜூன் மாதத்திலேயே அவனை நினைப்பவரிடந்தான் பிறர் பணத்தை நம்பி ஒப்படைக்கலாம்.